எந்தச் சாலை முதலில் மலையேற வேண்டும்?

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், அல்லேரி மலையில் உள்ள அத்திமரத்துக்கொல்லை என்ற குக்கிராமத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே குழந்தையின் உயிர் பிரிந்துவிட்டது. பிறகு உடலை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ், அதற்கு மேல் போகப் பாதை இல்லாத இடத்தில் நின்றுவிட்டது. அங்கிருந்து அந்தத் தாய் குழந்தையின் உடலைக் கைகளில் ஏந்திக்கொண்டு மலையேறி நடந்தார். அந்தக் காட்சியை நாடே பார்த்தது.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2018-இல், பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் வேறொரு சாலைக்கு நிலம் அளந்துகொண்டிருந்தார்கள். சென்னை – சேலம் எட்டுவழிச் சாலை. 277 கி.மீ. நீளம், சுமார் 10,000 கோடி ரூபாய் மதிப்பீடு, ஐந்து மாவட்டங்கள். அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே வருவாய்த் துறையினர் காவலர் துணையோடு வயல்களில் இறங்கி அளவுக்கல் நட்டார்கள். விளைநிலங்கள் மட்டுமல்லாமல் மஞ்சவாடிக் கணவாய், ஜருகுமலை போன்ற காப்புக்காட்டுப் பகுதிகளும் அந்தத் தடத்தில் இருந்தன.

இரண்டும் ஒரே மாநிலத்தில், ஒரே வனச் சட்டத்தின் கீழ் நடந்தவை. அல்லேரிக்காரர்கள் சில கிலோமீட்டர் சாலைக்குத் தலைமுறைக் கணக்கில் காத்திருந்தார்கள். காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் நெடுஞ்சாலைக்கோ மாதக் கணக்கில் வேலை நடந்தது. ஆகவே, மலைக்காட்டில் புதிய சாலை வேண்டுமா வேண்டாமா என்று பொத்தாம்பொதுவாக வாதாடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மலையில் இருக்கும் ஊருக்குப் போய் அங்கே முடிந்துவிடும் சாலை ஒரு வகை. ஒரு சமவெளி நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போவதற்காக மலையைத் துளைத்துக் கடக்கும் சாலை இன்னொரு வகை. முதல் வகை இன்னும் போடப்படாமல் இருப்பது அநீதி. இரண்டாவது வகையில் பெரும்பாலானவை தேவையற்றவை. நமது திட்டமிடல் இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது; வரிசையையும் தலைகீழாக்கிவிடுகிறது.

இந்தத் தலைகீழ் வரிசை இன்று நேற்று வந்ததல்ல. நீலகிரிக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சாலை ஏறிவிட்டது. கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் சிறுமுகைப் பக்கமிருந்து கோத்தகிரிக்குப் பாதை போடவைத்தார். அடுத்த பத்தாண்டில் குன்னூர் மலைப்பாதை வந்தது. படகரும் தோடரும் கேட்டு வந்த பாதைகளல்ல அவை. ஆங்கிலேயர் வெயிலுக்கு ஒதுங்கவும், பிறகு தேயிலையும் காப்பியும் மரமும் கீழே இறங்கவும் போடப்பட்டவை. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளும் தேயிலை எஸ்டேட்டுகளுக்காகவே வந்தன. எஸ்டேட் இல்லாத கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழ்ந்த மலையாளிப் பழங்குடியினருக்கு ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். நாமக்கல் மாவட்டம் போதமலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரங்களை அலுவலர்கள் தலைச்சுமையாகத் தூக்கிச் செல்வதைப் பத்திரிகைகளில் பார்த்திருப்போம். கர்ப்பிணிகளையும் நோயாளிகளையும் டோலி கட்டித்தான் இறக்கினார்கள். அந்த மலைக்குச் சுமார் 31 கி.மீ. சாலைக்கு, ஏறத்தாழ 140 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அனுமதி கிடைத்தது மிக அண்மையில்தான். கல்வராயன் மலை மக்களின் நிலையை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அதற்கும் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயச் சாவுகள் நடக்க வேண்டியிருந்தது.

சிறிய சாலை ஏன் தாமதமாகிறது? "ஃபாரஸ்ட்காரங்க விடமாட்டேங்கிறாங்க" என்பதுதான் மலையூர்களில் கேட்கும் பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி சட்டத்தின் கணக்கில் இருக்கிறது. 1980-ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். இதில் மலைவாசிகளுக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன் 3(2) பிரிவின்படி பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, குடிநீர், சாலை உள்ளிட்ட 13 வகைப் பொது வசதிகளுக்கு, கிராம சபை பரிந்துரைத்தால், மாவட்ட அளவிலேயே வனத்துறை அனுமதி தரலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது.

நல்ல சட்டம்தான். ஆனால் ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். ஆறு மீட்டர் அகலத்தில் ஒரு மலைச் சாலைக்கு இடம் விட்டால் 1,666 மீட்டரில் அந்த ஒரு ஹெக்டேர் தீர்ந்துவிடும். அதற்கு மேல் போனால் கோப்பு மாவட்டத்தை விட்டுக் கிளம்பி மாநிலத் தலைநகருக்கும் மத்திய அமைச்சகத்துக்கும் பயணப்பட வேண்டும். மலைச் சாலை இயல்பிலேயே நீளமானது. நூறு மீட்டர் தூரத்துக்கு ஐந்தாறு மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது என்பது மலைச் சாலை வடிவமைப்பின் பொது விதி. அடிவாரத்திலிருந்து ஓராயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊருக்கு இருபது கிலோமீட்டர் சாலை வேண்டும். நடந்து ஏறும் பாதை நேராக ஐந்தாறு கிலோமீட்டர்தான் இருக்கும். வண்டிப் பாதை வளைந்து வளைந்து அதைப் போல மூன்று நான்கு மடங்காகிவிடும். கொல்லிமலைக்கு 70 வளைவுகள் வந்தது இப்படித்தான். ஆக, யாருக்காகச் சட்டம் இந்த வாசலைத் திறந்ததோ, அந்த உயரமான, ஒதுங்கிய ஊர்களுக்கே அது போதாமல் போகிறது.

நிதியிலும் இதே கதைதான். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் மலைப்பகுதிகளில் 250 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளை வரம்பாக வைத்தது. 2023-இல் வந்த பிஎம்-ஜன்மன் திட்டம் அந்த வரம்பை 100 ஆகக் குறைத்தது. ஆனால் அது மிகவும் நலிந்த பழங்குடிக் குழுக்களுக்கு மட்டும். தமிழ்நாட்டில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு குழுக்கள் அந்தப் பட்டியலில் உண்டு. மாநிலத்தின் மிகப்பெரிய பழங்குடியான மலையாளிகள் அதில் இல்லை. அல்லேரியும் போதமலையும் கல்வராயனும் அவர்கள் வாழும் மலைகள்.

பெரிய சாலைகளுக்கு இந்த வரம்புகள் என்ன செய்கின்றன என்பதை உத்தராகண்டில் பார்க்கலாம். 2016 டிசம்பரில் தொடங்கிய சார்தாம் நெடுஞ்சாலைத் திட்டம் சுமார் 900 கி.மீ. நீளமுள்ளது. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவை என்ற விதி இருந்தது. திட்டம் 53 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டது. ஒட்டுமொத்த மதிப்பீடு நடக்கவே இல்லை. இமயமலைச் சரிவில் எவ்வளவு அகலம் தாங்கும் என்பதை ஆராய உச்ச நீதிமன்றம் குழு அமைக்க வேண்டி வந்தது. 2020-இல் ஐந்தரை மீட்டர் அகலம் போதும் என்ற நீதிமன்றம், பாதுகாப்புத் தேவையைக் காட்டி அரசு கேட்டதால் 2021 டிசம்பரில் பத்து மீட்டருக்கு அனுமதித்தது. 2023 நவம்பரில் அதே திட்டத்தின் சில்க்யாரா சுரங்கம் இடிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே அடைபட்டுக் கிடந்தார்கள். பெரிய திட்டத்தைத் துண்டு துண்டாக்கி விதியிலிருந்து நழுவ வழி இருக்கிறது. இருபது குடிசைகள் உள்ள ஊர் தன் சாலையை எந்தத் துண்டாக ஆக்குவது?

ஐந்தரை மீட்டருக்கும் பத்து மீட்டருக்கும் ஏன் இவ்வளவு சண்டை என்று சமவெளியில் இருப்பவர்களுக்குத் தோன்றலாம். சமவெளியில் சாலையின் அகலம் இரண்டு மடங்கானால் எடுக்கும் நிலமும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான். சரிவில் அப்படியில்லை. மலையின் விலாவைக் குடைந்து தட்டையாக ஓர் இடம் உண்டாக்குகிறோம். அகலம் கூடக்கூட வெட்டும் சுவரின் உயரமும் அதே அளவில் கூடும். இரண்டும் சேர்ந்து, அகலம் இரண்டு மடங்கானால் வெட்டி எடுக்கும் மண் நான்கு மடங்காகிறது. அந்த மண்ணை எங்கே கொட்டுவது? ஒப்பந்தக்காரருக்கு எளிய வழி, ஜேசிபி-யால் கீழ்ச்சரிவில் தள்ளிவிடுவது. அது கீழே உள்ள மரங்களைப் புதைத்து, ஓடையை அடைத்து, அடுத்த பெருமழையில் சேறாக இறங்குகிறது. மேலே வேர்களின் பிடிப்பை இழந்து நிற்கும் வெட்டுச்சுவரும் சரியும்.

தண்ணீரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் இருப்பது அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில். எம்.டி.எச். ரோடு எங்களுக்கு நடுமுற்றம் மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தொழிற்பேட்டை தண்ணீரில் கிடந்தது. சாலைகளையும் கட்டடங்களையும் உயர்த்திக்கொண்டே போன நாம், ஒரு காலத்தில் ஏரிக்கு ஏரி ஓடிக்கொண்டிருந்த மழைநீர் எதன் குறுக்கே எப்படிக் கடக்கும் என்று பார்க்கவில்லை. சமவெளியில் அதன் விலை மூழ்கிய இயந்திரங்களும் இழந்த வேலைநாட்களும். மலையில் அதே தவறின் விலை உயிர்கள். சோலைக்காட்டின் மண் மழையைக் குடித்து மெல்ல மெல்லக் கசியவிடுகிறது. சாலை குறுக்கே வந்தால், பரவலாக இறங்கிய அந்தக் கசிவெல்லாம் சாலையோரம் ஒன்றுகூடி, சிறுபாலம் இருக்கும் ஓரிடத்தில் மட்டும் பீறிடும். சிறுபாலம் அடைபட்டால் சாலையையே பிளந்துகொண்டு போகும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஒரே மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்கு, கொட்டிய மழையோடு வெட்டப்பட்ட சரிவுகளும் அடைபட்ட நீர்வழிகளும் காரணம். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தது சாலையால் அல்ல. மேலே காட்டில் பிறந்த சரிவால். ஆனால் அதே மேப்பாடிப் பகுதியில் முடியும் எட்டு கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கச் சாலைக்கு ஓராண்டு கழிந்ததும் வேலை தொடங்கிவிட்டார்கள். அந்த மலை எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்த்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மலையைக் கடக்கும் சாலை முதல் நாளில் செய்யும் சேதத்தைவிட, பிறகு ஆண்டுதோறும் செய்யும் சேதம் பெரியது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் நடுவே 27 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் திம்பம் மலைப்பாதை கோவையையும் மைசூரையும் இணைக்கும் பழைய வழி. சரக்கு லாரிகள் இரவு பகலாக ஏறி இறங்கின. சிறுத்தை, மான், செந்நாய் என்று அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்தன. ஈரோடு ஆட்சியர் 2019 ஜனவரியிலேயே இரவுப் போக்குவரத்துக்குத் தடை போட்டும் நடைமுறைக்கு வரவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2022 பிப்ரவரி 10 முதல் அமலானது. பந்திப்பூர் வழியாக 2009 முதலே இரவுத் தடை இருக்கிறது. இரண்டு இடத்திலும் சாலை வந்து, போக்குவரத்து பெருகி, விலங்குகள் செத்த பிறகே கதவை அடைத்தோம். அதற்குள் சாலையோரம் உண்ணிச்செடி ஏறிவிடுகிறது. சாலையிலிருந்து காட்டுக்குள் அது பரவுகிறது. புலிகள் காப்பகத்துக்குள் இப்போது அதையும் மஞ்சள் கொன்றையையும் வேரோடு பிடுங்கக் கோடிக்கணக்கில் செலவழிக்கிறோம்.

அமேசான் காட்டை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஒரு கணக்கு இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. அங்கே அழிந்த காட்டில் 95 விழுக்காடு, ஏதாவதொரு சாலையிலிருந்து ஐந்தரை கிலோமீட்டருக்குள்ளோ, படகு போகும் ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளோ இருந்தது. முதல் வெட்டு விழுந்த பிறகு கிளைச் சாலைகள் தாமாகவே முளைக்கின்றன. காட்டுக்குள் முதல் சாலையைத் தவிர்ப்பதே மலிவான பாதுகாப்பு என்பது அந்தத் துறையின் ஆய்வாளர் வில்லியம் லாரன்ஸ் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருவது.

அப்படியானால் அல்லேரிக்கும் அந்த முதல் வெட்டு ஆபத்துதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஊருக்கென்று போட்ட சாலையில் ஊர்க்காரருக்கு முன்பே நிலத் தரகர் ஏறிவிடுவதை நாம் பல மலைகளில் பார்த்திருக்கிறோம். ஏலகிரியிலும் கொல்லிமலையிலும் விடுதிகள் பெருகியது சாலை வந்த பிறகுதான். முதுமலையை ஒட்டிய சீகூர் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகளை மூட உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில்தான் முடிவு வந்தது. உதகைக்கும் கொடைக்கானலுக்கும் இப்போது இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி போக முடியாது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றமே எண்ணிக்கை வைத்தது. ஆகவே ஊர்ச் சாலை போடும்போதே சில நிபந்தனைகளை அரசாணையிலேயே எழுதிவைக்க வேண்டும் என்கிறேன். அகலம் ஒரு பேருந்தும் ஆம்புலன்ஸும் போகும் அளவுக்கு மட்டும். எதிரெதிர் வண்டிகள் ஒதுங்க ஆங்காங்கே இடம் விட்டால் போதும். அடிவாரத்தில் சோதனைச் சாவடி. அதன் பொறுப்பில் ஊர்க் கிராம சபைக்கும் பங்கு. சாலையின் இரு பக்கமும் பழங்குடியினர் நிலம் வெளியாருக்குக் கைமாறத் தடை. 1990-இல் உருவான மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் அந்த ஊர்களைச் சாலைப் பணி தொடங்கும் முன்பே கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடமெல்லாம் விடுதியாகத்தான் நிற்கிறது.

மரம் ஏறி வாழும் உயிர்களுக்கும் வழி விட முடியும். வால்பாறையில் புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டி, அதன்மேல் சிங்கவால் குரங்குகள் கடக்கின்றன. மத்தியப் பிரதேச – மகாராஷ்டிர எல்லையில் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டி தேசிய நெடுஞ்சாலையைத் தூண்களில் உயர்த்தி, கீழே விலங்குகள் போக வழி விட்டிருக்கிறார்கள். ஒன்று 750 மீட்டர் அகலம். புலிகளும் அதில் போகின்றன. இவையெல்லாம் நம் பொறியாளர்களால் முடிந்தவை. பெஞ்சில் அது நடந்ததும் வழக்குக்குப் பிறகுதான் என்பது வருத்தம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாலை மட்டும் இருந்திருந்தால் அத்திமரத்துக்கொல்லைக் குழந்தை பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. பாம்புக்கடிக்கு நேரம் முக்கியம். நஞ்சுமுறி மருந்தும் அதைச் செலுத்தத் தெரிந்த மருத்துவரும் அதே அளவு முக்கியம். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவிலும் மருத்துவர், குளிர்பெட்டியில் மருந்து, குறுகிய பாதையிலும் ஏறும் இருசக்கர ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு எந்த வன அனுமதியும் தேவையில்லை. சாலைக் கோப்பு நகரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே செய்யக்கூடியவை அவை. சாலை இல்லை என்பதைக் காரணமாகக் காட்டி மற்ற எல்லாத் துறைகளும் மலையேறாமல் தப்பித்துக்கொள்கின்றன.

எட்டுவழிச் சாலைக்கு வருவோம். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றி, நிலம் எடுக்கும் நோக்கத்தை அறிவிக்கும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே தேவையில்லை என்றது. நடைமுறையில் இதன் பொருள் என்ன? முதலில் கோட்டை வரைந்துவிடு, பிறகு காட்டைப் பற்றி ஆராய். கோடு வரைந்து, நிலத்துக்குப் பணமும் ஒதுக்கிய பின் செய்யப்படும் ஆய்வு எந்தக் கோட்டை நகர்த்தும்? தடத்தைத் தேர்வு செய்வதற்கு முன்பே காடும் நீரும் பார்க்கப்பட வேண்டும். சாலைத் திட்டமிடலில் நான் கேட்கும் முதல் மாற்றம் இதுதான்.

அந்தச் சாலை வந்தால் பயன்பெறும் பகுதிகளில் எங்கள் ஊரும் ஒன்று. இங்குள்ள பட்டறைகளில் தயாராகும் வாகன உதிரிபாகங்கள் சேலம், கோவை, ஓசூர் பக்கம் போகின்றன. லாரி இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும் என்ற வாதம் இங்கே எடுபடும். ஆனால் சேலத்துக்கு ஏற்கெனவே உளுந்தூர்பேட்டை வழியாக ஒன்று, கிருஷ்ணகிரி வழியாக ஒன்று என இரண்டு நெடுஞ்சாலைகள் இருக்கின்றன. அம்பத்தூர் ரயில் நிலையத்தின் வழியாகச் செல்லும் தண்டவாளமே அரக்கோணம், ஜோலார்பேட்டை கடந்து சேலத்துக்குத்தான் போகிறது. தொழிற்பேட்டையின் வாசலில் இருக்கும் ரயில்பாதையில் சரக்கு ஏற்ற வசதி கேட்டு நாம் போராடியதில்லை. இருக்கும் நெடுஞ்சாலைகளின் நெரிசல் இடங்களைச் சரிசெய்யக் கேட்டதும் குறைவு. எங்கள் சரக்கு சற்று வேகமாகப் போவதற்காக மஞ்சவாடிக் கணவாயின் காடு பிளக்கப்பட வேண்டும் என்று ஒரு தொழில் நகரத்துக்காரனாக நான் கேட்கமாட்டேன். மண்ணூர்பேட்டையிலும் அம்பத்தூரிலும் தொழில் நடத்துபவர்களும் அப்படிக் கேட்கக்கூடாது என்று வேண்டுகிறேன்.

தமிழக அரசு செய்ய வேண்டியது தெளிவாகவே இருக்கிறது. வண்டி போக வழியில்லாத மலைக் குடியிருப்புகள் எத்தனை, எந்த ஊர், எத்தனை குடும்பம், எவ்வளவு தூரம், கோப்பு எந்த மேசையில் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்ற பட்டியலை மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். ஒரு ஹெக்டேர் வரம்பு உயரமான ஊர்களுக்குப் பொருந்தாததை எடுத்துக்காட்டி மத்திய அரசிடம் திருத்தம் கேட்க வேண்டும். மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கும் நூறு பேர் என்ற வரம்பைப் பொருத்தக் கோர வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ள கடைசி ஊருக்கும் ஆம்புலன்ஸ் ஏறும்வரை, மலைக்காட்டைக் கடந்து போகும் எந்தப் புதிய நெடுஞ்சாலைக்கும் மாநில அரசு ஒப்புதல் தரக்கூடாது.